ஞாயிறு ரவுண்டு: லாரியில் வந்த பாறைகள்

பாண்டிச்சேரின்னு சொன்னதுமே பீச் ரோட்ல ஐஸ்க்ரீம் வாங்கிச் சாப்பிட்டுட்டு பஸ் ஏறுற மொக்கை பிளானை இந்த வாரம் விட்டுடுங்க. திண்டிவனம் - புதுச்சேரி சாலையில திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்ல இறங்கி, இரும்பைக்கு வாங்க. கடல்ல முடியப்போற கதைதான், ஆனா கோயில்லதான் ஆரம்பிக்கணும்.

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். உள்ளே லிங்கம் பிளந்து, செப்புத் தகடு போட்டுக் கட்டியிருக்கும். கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாடினார், லிங்கம் மூணா வெடிச்சுது, அந்தச் சாபத்தில் சுத்துப்பட்டு மண்ணெல்லாம் வறண்டதுன்னு கதை. சாபமோ என்னவோ, இந்த மேட்டு நிலத்தில் மரங்கள் போனதும் மழை பெய்யும்போதெல்லாம் செம்மண் கரைந்து ஓடை வழியாக் கடலுக்குப் போய்க்கிட்டிருந்தது உண்மை. கரையோரக் கடலே சிவந்து போகுமாம்! 1968-ல் ஆரோவில் ஆரம்பிச்ச பிறகு வரப்பு கட்டி, ஓடையில் தடுப்பு போட்டு, லட்சக்கணக்கில் மரம் வெச்சு, ஓடுற மண்ணைப் பிடிச்சு நிறுத்தினாங்க. இன்னிக்கு நீங்க அந்த நிழல்லதான் வண்டி ஓட்டிக்கிட்டு, குயிலாப்பாளையம் வழியா ஈ.சி.ஆர். பக்கம் இறங்கப் போறீங்க.

ஈ.சி.ஆரைப் பிடிச்சுத் தெற்கே வந்தா தந்திராயன்குப்பம். 'செரினிட்டி பீச்'னு சொன்னா ஆட்டோக்காரர் கரெக்டா விட்டுடுவார். ரெண்டு பக்கமும் கருங்கல் பாறைகள் கடலுக்குள் நீண்டிருக்க, நடுவில் வளைஞ்ச குட்டி மணல் விரிகுடா. சர்ஃபிங் பலகையோட ஆளுங்க. சினிமாவில் வர்ற வெளிநாட்டுக் கடற்கரை மாதிரியே இருக்கும். செல்ஃபி எடுத்தாச்சா? இப்போ அந்தப் பாறையை நல்லாப் பாருங்க. நம்ம ஊர்க் கடற்கரையில பாறை ஏது பாஸ்? அத்தனையும் லாரியில் வந்தது!

விஷயம் என்னன்னா, நம்ம கரையில் மணல் சும்மா கிடக்கிறதில்லை, நடக்குது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அலை சாய்வா அடிச்சு மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். கணக்குப் பார்த்தா வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் வடக்கே போகும். 1989-ல் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் வந்தது. தெற்கே மணல் தேங்குச்சு, வடக்கே வரவேண்டியது வரலை. பாண்டிச்சேரியோட மணற்கரை மெல்ல மெல்லக் காணாமப் போச்சு. அங்கே பாறாங்கல் கொட்டிக் காப்பாத்தினதும் அரிப்பு அடுத்த ஊருக்குக் கிளம்பிடுச்சு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்னு வரிசையா.

நமக்கு பீச் போனா வேற பீச். மீனவருக்கு அது படகை ஏத்தி நிறுத்துற இடம், வலை காய வைக்கிற இடம், கரைவலை இழுக்கிற இடம். அதுக்குப் பின்னாடியே வீடு. அதனால்தான் இங்கேயும் கல் கேட்டாங்க, கல் வந்தது, விரிகுடா பிறந்தது. ஆனா ஒவ்வொரு கல்வரிசையும் தன் தெற்குப் பக்கம் மணலைச் சேர்த்துக்கிட்டு, வடக்கே இருக்கிற குப்பத்துக்குப் போற பங்கை நிறுத்திடும். அந்தக் குப்பமும் கல் கேட்கும். இதுக்கு முடிவு எங்கே? கேட்டவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை.

2018-ல் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கு அடியில் இரும்புத் திட்டு இறக்கிப் பார்த்தது. அங்கே கொஞ்ச தூரத்துக்கு மணல் திரும்பி வந்துச்சு. சிவில் பசங்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடினா இதோ இருக்கு!

ஒரு விஷயத்தை மட்டும் சீரியஸாவே சொல்றேன். குளிக்க இறங்காதீங்க. கல்வரிசையை ஒட்டித் தண்ணி கடலுக்குள்ளே இழுக்கும். அலை குறைவாத் தெரியற இடம்தான் பல நேரம் அந்த இழுவை ஓடுற இடம். இந்தக் கரையில் காலேஜ் பசங்க போன செய்தியை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து மல்லுக்கட்டாம மிதந்து, கையைத் தூக்குங்க. முடிஞ்சா கல்லுக்கு எதிர்ப் பக்கமா, கரைக்கு இணையா நீந்துங்க. நண்பனைக் காப்பாத்த நீங்களும் குதிக்காதீங்க, படகுக்காரரைக் கூப்பிடுங்க.

சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னால ஒரு கல்வரிசைக்குத் தெற்கே நின்னு ஒரு போட்டோ, வடக்கே நின்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பொங்கல் லீவுல மறுபடி வந்து அதே ரெண்டு இடத்தில் நின்னு பாருங்க. நிக்க இடம் இருந்தா!