எது விலைபோகும்?

"எதை எழுதினா விக்கும் தோழர்?" வடக்குத்துப் பக்கம் எழுத வரும் பையன்கள் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை. பகலெல்லாம் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டு ராத்திரி கண்முழித்து எழுதுகிறவன் தன் எழுத்துக்குக் காசு கேட்கக் கூடாதா? 'எழுத்து தவம், பலனை எதிர்பார்க்காதே' என்பது வயிறு நிறைந்தவர்களின் உபதேசம். கூலியில்லாத உழைப்புக்கு நம்ம ஊரில் பேர் வெட்டி. அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தாயிற்று.

கேள்வியில் இல்லை ஆபத்து. கிடைக்கிற பதிலில் இருக்கிறது. என் நாவலின் கைப்பிரதியைப் படித்த பதிப்பாளர் ஒருவர் சொன்னார்: "அடி உதை இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். சிரிக்கிற எடத்தையெல்லாம் எடுத்துடுங்க. பேச்சு புரியல, நல்ல தமிழாக்கிடுங்க." அதாவது சேரி அழ வேண்டும், அதையும் அவருக்குப் புரிகிற தமிழில் அழ வேண்டும். இதுதான் சந்தை தெரிந்தவர்களின் யோசனை.

சந்தை அவர்களுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' எந்த யோசனையைக் கேட்டது? கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தன் தெருப் பேச்சிலேயே எழுதினார். அதில் அடியும் உண்டு, சிரிப்பும் விளையாட்டும் பட்டப்பெயரும் உண்டு. அச்சிட்டது பெரிய பதிப்பகம் அல்ல, மதுரையிலிருந்த சமூக ஆய்வு மையம் ஒன்று. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. பல்கலைக்கழகங்களில் பாடமானது. 'புரியாத பேச்சு' கடல் தாண்டியது.

நம்ம விருத்தாசலம் பக்கத்து இமையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் க்ரியா வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்', பறையர்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணாத்தியின் கதை. இந்தக் கதையைச் சந்தை கேட்கவில்லை. இயக்கமும் கேட்கவில்லை. 'நமக்குள்ள இருக்கிறத வெளியில காட்டலாமா' என்று தலித் அறிவாளிகளே கண்டித்தார்கள். நாவல் நின்றது. சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்' எழுதினார். பிறகு 'ஆசிரியர் குறிப்பு' எழுதித் தன் நாவலையே கூண்டில் ஏற்றி விசாரித்தார். கதைக்கரு வளர்வது இப்படித்தான். கேட்க யாரும் விரும்பாத, நாமே சொல்லப் பயப்படுகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதோடு வருசக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துக் கரு தேடினால் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் கிடைக்கும்.

நெய்வேலிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1957இல் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். மேல்மண்ணை அள்ளிக் கொட்டினால்தான் கரி. கரி மின்சாரமாகி ஊர் ஊராகப் போகிறது. மண்ணு மலையா குமிஞ்சி கெடக்குது. அந்த மண்ணுலதான வூடு இருந்தது, கெணறு இருந்தது, பலாவும் முந்திரியும் இருந்தது? பதிப்புச் சந்தையும் இந்தத் தொழிலைத்தான் செய்கிறது. வலியைக் கரியாக வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்ச வாழ்க்கையைக் கழிவு மண் என்கிறது. நம் நாவல் அந்த மேல்மண்ணில் கிடக்கிறது.

அதற்காக, திருத்தவே மாட்டேன் என்று வீம்பு பிடிப்பது கலகம் ஆகாது. சொன்னதையே திரும்பச் சொன்ன பக்கத்தை வெட்டு. ஆள் உயிரோடு நிற்கவில்லை என்று எடிட்டர் சொன்னால் உட்கார்ந்து மறுபடி எழுது. எது தொய்வு, எது நம் பேச்சு என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முதலாவதில் கத்தரி படட்டும். இரண்டாவதில் படக் கூடாது.

கணக்கும் கேள். எத்தனை பிரதி அச்சாகிறது, எத்தனை சதவீதம் உனக்கு, எப்போது தருவார்கள் என்று எழுதி வாங்கு. 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவனுக்குத்தான். கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் ஒழிய அது கைமாறாது. படிக்காமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எம்.ஏ. படித்துவிட்டும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

புத்தகம் விற்கட்டும். ஆயிரம் பிரதி விற்கட்டும், பத்தாயிரம் விற்கட்டும். ஆனால் எந்தக் கதை என்பதை அவன் முடிவு பண்ணக் கூடாது; என்ன பங்கு என்பதையும் அவன் மட்டும் முடிவு பண்ணக் கூடாது.