முதுசமும் உதவிப் பணமும்

முதுசம் என்னும் சொல்லை யாழ்ப்பாணத்தார் வாயிற் கேட்கும்பொழுது அதில் ஒரு பெருமித ஒலி இருக்கும். முதுசொம் என்பது அதன் திருந்திய வடிவம். முது என்பது பழமை. சொம் என்பது சொத்து. ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707ஆம் ஆண்டுகளில் நம் முன்னோர் வழக்கங்களைத் தொகுத்தெழுத, அதனைத் தமிழ் முதலியார்கள் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்பினர். அதுவே தேசவழமை. பெற்றோர் வழியாய் வருவது முதுசம், மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டுவது தேடியதேட்டம் என்னும் பாகுபாடு அதில் உறுதிபெற்றது. ஆங்கிலேயரும் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர்.

இத்துணை மதிப்புடைய சொல், அரசாங்கத்தின் உதவிப் பணம் பெறும் ஏழை வீடுகளில் இப்பொழுது அச்சந் தரும் சொல்லாகி வருகின்றது. தந்தை இறந்தார், காணியிற் பங்கு வந்தது, இனி உதவிப் பணம் நின்றுவிடுமோ என்று கேட்கின்றனர். கேட்பவருட் பலர் பெண்கள். இக்கேள்வி சட்டம் படித்தோருக்கே உரியதென்று பண்டிதர் கூட்டம் ஒதுக்கிவிடலாகாது. ஊரில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் ஆசிரியரே.

உதவிப் பணத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வறியவர் பராமரிப்புக்கென 1939இல் ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. பொதுசன உதவிப்பணத்தை நம்மூரவர் 'பிச்சைச் சம்பளம்' என்றே அழைத்தனர். சம்பளம் என்று உயர்த்திப் பிச்சை என்று தாழ்த்திய அப்பெயரை யார் வைத்தாரோ! 1942இல் அரிசிப் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் அது யாவர்க்கும் பொதுவாய் இருந்தது. முதுசம் உண்டோ, சீதனம் உண்டோ என்று கூப்பன் கொடுத்தவர் கேட்டிலர். 1978இல் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே என்று அது சுருங்கிற்று. 1979இல் உணவு முத்திரை, 1989இல் சனசவிய, 1995இல் சமுர்த்தி என்று பெயர்கள் மாறின. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஆடி மாதத்திலிருந்து அஸ்வெசும நடைபெறுகின்றது. இது சிங்களச் சொல். வடமொழியின் ஆசுவாசத்தோடு உறவுடையது. இளைப்பாறச் செய்வது என்று பொருள் கொள்ளலாம். நல்ல சொல்தான். ஆயினும் தமிழ் விண்ணப்பத்தில் அதற்கொரு தமிழ்ப் பெயர் இட ஒருவருக்கும் தோன்றாமற் போயிற்று.

இத்திட்டம் குடும்பங்களை 6 அளவுகோல்களால் அளக்கின்றது. கல்வி, சுகநலம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலை, குடும்பத்தவர் நிலை என்பன அவை. இவற்றின் கீழ் 22 குறிகாட்டிகள் உள. அளந்தபின் நால்வகையாய்ப் பிரித்து, 2023இல் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று வகுத்தனர். 2025 தை மாதத்தில் 8,500 ரூபா 10,000 ஆகவும், 15,000 ரூபா 17,500 ஆகவும் உயர்ந்தன. சொத்துக்கள் என்னும் அளவுகோலிலேதான் முதுசம் வந்து இடறுகின்றது.

கொள்கையை நான் மறுக்கவில்லை. உதவிப் பணம் ஊரார் வரிப் பணம். கைந்நிறையப் பொருள் வந்தவர் அதனைப் பெறுதல் இன்னும் வறியவரின் பங்கை உண்பதாகும். நகரத்திற் கடை கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டு, உறுதியை மைத்துனன் பெயரில் முடித்துவைத்து, பட்டியலில் தம் பெயரைத் தேடுகின்ற கனவான்களும் இருக்கின்றனர். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. பொருள் என்பது ஒருவர் பெயரில் இருப்பதா, அன்றி அவர் கையில் இருப்பதா என்பதே என் கேள்வி.

இங்கிலாந்தில் இதற்குத் தெளிவாய் எழுதிய விதி உண்டு. இலண்டனில் வாழும் நம்மவர்க்கு இது புதிதன்று. ஊரிலே தாய் தந்தையர் இறந்து, வீடு விற்றுப் பங்குப் பணம் போய்ச் சேர்ந்தால், அங்கே உதவி பெறுபவர் அதனை அறிவித்தே ஆகல்வேண்டும். உழைக்கும் வயதினருக்குள்ள விதி இது: கையிருப்பு 6,000 பவுணுக்கு உட்பட்டதாயின் ஒன்றுங் கழியாது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4 பவுண் 35 பென்சு வருமானம் வந்ததாகக் கொண்டு அவ்வளவைக் கழிப்பர். 16,000 பவுணைத் தாண்டினால் உதவி முற்றாய் நிற்கும். குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. உழைத்த காலத்திற் காசு கட்டி உரித்தாக்கிக்கொண்ட முதுமைக்கால ஓய்வூதியத்தை எந்த முதுசமும் தொடாது. விற்க முயலும் வீடு காணிக்கு 6 மாதத் தவணை உண்டு. நியாயமான காரணம் இருப்பின் அதற்கு மேலும் உண்டு. உதவியை விடாது பெறும் நோக்கத்தோடு பொருளைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தால், அது கொடுத்தவரிடமே இன்னும் இருப்பதாகக் கணிப்பர். பட்ட கடனைத் தீர்த்தால் அவ்வாறு கணிப்பதில்லை.

இவ்விதி குறையற்றதென்று நான் புகழேன். 16,000 என்னும் வரம்பு 2006இல் வைத்தது. பாணின் விலை எத்தனையோ முறை ஏறியும் வரம்பு ஏறவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ நிலை இன்னுங் கொடிது. வலுவிழந்தோருக்கும் முதியோருக்கும் உரிய ஒரு உதவித் திட்டத்தில், தனியொருவர் 2,000 டொலருக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று 1989இல் வந்த எல்லை இன்னும் அசையாது நிற்கின்றது. ஆயினும் ஆங்கிலேயர் விதியில் நான் மெச்சுவது இரண்டு. எவ்வளவு வந்தால் எவ்வளவு கழியும் என்பதை ஏழை முன்கூட்டியே விரல்விட்டு எண்ணலாம். இறக்கம் படிப்படியாய் உள்ளது. 6,000 பவுணைக் கடந்த மறுநாளே ஒருவர் பள்ளத்தில் விழுவதில்லை.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். அங்கே முதுசம் பெரும்பாலும் பணமாய் வருகின்றது. இங்கே காணியாய் வருகின்றது. அதுவும் பிரிபடாத காணியாய் வருகின்றது. என்னிடம் பாலபண்டிதர் வகுப்பிற் படிக்கும் மாணவி ஒருத்தியின் தாயார் கணவனை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றார். இவருடைய தந்தையாருக்கும் அவர் தமையனாருக்கும் பொதுவாய் 3 பரப்புப் பனங்காணி இருந்தது. தந்தையாருக்குப் பாதி, பிள்ளைகள் அறுவர். இந்த அம்மையாருக்குச் சீதனம் கொடுபடவில்லை ஆதலின் அவருக்கும் பங்குண்டு. பன்னிரண்டில் ஒன்று, அதாவது காற்பரப்பு. பரப்புக்குக் குழி 18 ஆகவே இவர் பங்கு நாலரைக் குழி. அந்நாலரைக் குழி எங்கே இருக்கின்றதென்று அவருக்கும் தெரியாது, அளவையாளருக்கும் தெரியாது; வடலிகளுக்குள்ளே எங்கோ இருக்கின்றது. உடன்பிறந்தார் மூவர் மூன்று தேசங்களில் இருக்கின்றனர்.

அவர் வீட்டுக்கு விபரந் திரட்ட வந்த பிள்ளை கேட்டான்: "அம்மா, உங்கடை பேரிலை காணி ஏதும் இருக்கோ?"

"ஏன் இல்லை, தம்பி? எங்கடை அப்புவின்ரை முதுசம் கிடக்கு."

இம்மறுமொழியை அவர் என்னிடம் சொல்லும்போதுங்கூடத் தலையை நிமிர்த்தியே சொன்னார். பட்டியல் வெளிவந்தபோது அவர் பெயர் 2,500 ரூபா வகுப்பில் இருந்தது. அது சில மாதத்துக்கே என்றும் இருந்தது. முதுசத்தைச் சொன்னதனாலேதான் அவ்வாறாயிற்றோ, வேறு குறிகாட்டியாலோ, எவரும் எழுத்திலே காரணங் கூறவில்லை. மேன்முறையீடு எழுதுவதாயின் எதனை மறுத்து எழுதுவது? 2023இல் நாடெங்கணும் இலட்சக் கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். அவருட் பலர் இருளிலே கல்லெறிந்தவரே.

பிரிபடாப் பங்கை விற்கலாமே என்பார் உளர். விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆயினும் தேசவழமைப்படி உடன்பங்காளருக்கு முதலிற் கொள்ளும் உரிமை உண்டு. அதற்கெனவே 1947இல் தனிச்சட்டம் ஆக்கப்பட்டது. அவர்களுக்கு அறிவித்தல் கொடாது அயலாருக்கு விற்றால் வழக்கு வரும். பங்காளிகளோ கனடாவிலும் பிரான்சிலும். நீதிமன்றிற் பிரிவினை வழக்கிடலாம். 1977ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கின்றது. பங்காளர் எல்லாரையும் எதிராளியாக்கி, அளவைப் படம் எடுப்பித்து, தவணைக்குத் தவணை பிறக்கிராசிக்குக் கொடுத்து, வழக்கு முடியும்போது இடியப்பக்காரியின் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடும். நாலரைக் குழி அந்தச் செலவைத் தாங்குமா?

தாயம் என்பது உரிமைப் பொருளுக்குப் பழம்பெயர். அவ்வுரிமையிற் பங்குடையவன் தாயாதி. கவறாடுவோர் கவற்றில் விழும் எண்ணையும் தாயம் என்றே சொல்வர். இப்பொருள்களை எண்ணுந்தோறும் நம் மொழி நம்மைப் பார்த்து நகைப்பது போலத் தோன்றும். உதவி பெறுவோர் பட்டியலைப் பகிரங்கமாய் ஒட்டி, ஆட்சேபனை உடையவர் தெரிவிக்கலாம் என்று விட்டபோது, ஊர்ப் பகையெல்லாம் நலன்புரிக் கருமமாய் மாறிற்று. வேலிச் சண்டையில் வெல்ல முடியாத தாயாதி, 'இன்னாருக்கு முதுசக் காணி உண்டு' என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காணியின் மற்றப் பங்கைத் தானே ஆண்டு அனுபவிக்கின்றான் என்பதை அங்கே யார் கேட்கப் போகின்றார்?

உறுதி கையில் இருந்தும் காலடி வைக்க முடியாத காணிகளும் உள. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தவர் பல்லாயிரவர். 2009இன் பின் பகுதி பகுதியாய்க் காணிகள் விடப்பட்டன. முழுவதும் இன்னும் விடப்படவில்லை. அக்காணிகளை உடையவர் பலர் இறந்துபோயினர். பிள்ளைகளுக்கு முதுசமாய் வந்தது செம்மண் தோட்டமன்று; முட்கம்பிக்கு அப்பாலுள்ள ஓர் எல்லை விபரம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அரசாங்கத்தின் ஒரு கை மறித்து வைத்திருக்கும் காணியை, அதே அரசாங்கத்தின் மற்றக் கை கேட்கும் சொத்துக் கணக்கில் எழுதவேண்டிய நிலை எத்தகையது!

எல்லாவற்றினும் என்னை வருத்துவது வேறொன்று. உதவிப் பணம் போய்விடும் என்று அஞ்சிப் பெண்கள் தம் பங்கைச் சகோதரருக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுக்க எண்ணுகின்றனர். அண்மையில் இருவர் என்னிடமே ஆலோசனை கேட்டனர். வேண்டாம் என்று சொன்னேன். கணக்கைப் பாருங்கள். மாதம் 10,000 ரூபா மூன்று ஆண்டு கிடைத்தால் 3 இலட்சத்து 60,000 ரூபா. நகரை அண்டிய ஊர்களில் ஒரு பரப்பே பல இலட்சம் பெறும். உதவித் திட்டங்களின் ஆயுள் நமக்குத் தெரியும். மேலே அவற்றின் பெயர்களைச் சொன்னேன். எழுதிக் கொடுத்த உறுதியோ மீளாது. சகோதரன் நல்லவனாய் இருக்கலாம். அவன் மனைவி மக்களும் அவ்வாறே இருப்பர் என்று யார் பிணை நிற்பது? சீதனமும் இன்றி முதுசமும் இன்றி ஒரு பெண் நிற்பதைத் தேசவழமை தொகுத்த முதலியார்களும் நினைத்திருக்கமாட்டார்கள். சீதனம் பெற்றவள் முதுசங் கேட்கலாகாது என்றுதான் அவர்கள் சொன்னார்கள். நலன்புரித் திட்டம் தான் அறியாமலே அவ்விரண்டையும் பறிக்க வழி செய்கின்றது.

சபை ஒன்று நலன்புரிக் கருமங்களைப் பரிபாலிக்கின்றது. அது இரண்டொரு மாற்றங்களைச் செய்தால் இவ்வளவு துன்பம் இராது. காணியை அதன் உறுதியால் அளவாது அதன் வருவாயால் அளக்கட்டும். பிரிபடாப் பங்கு பிரியும்வரை, அல்லது விலைப்படும்வரை, கணக்கில் வராதிருக்கட்டும். புதிதாய் முதுசம் பெற்றவருக்கு ஓராண்டாவது தவணை கொடுத்து, உதவியைப் படிப்படியாய்க் குறைக்கட்டும். வகுப்பை மாற்றினால் இன்ன குறிகாட்டியால் மாற்றினோம் என்று ஒருவரி எழுதி அனுப்பட்டும். அவ்வொருவரி வாசித்து விளங்கக்கூடிய தமிழில் இருக்கட்டும். ஏழை பொய் சொல்லாதிருக்க வேண்டுமாயின், உண்மை சொன்னவர் அதற்காக வருந்தும்படி நேரக்கூடாது.

சபை திருந்தும்வரை ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்லுவேன். உங்களிடம் விண்ணப்பமோ மேன்முறையீடோ எழுதுவிக்க வருபவருக்கு முதுசம் உண்டாயின் அதனை மறையாதீர்கள். 'காணி உண்டு' என்று இரு சொல்லில் முடிக்கவும் வேண்டாம். மொத்தப் பரப்பு இவ்வளவு, இவர் பங்கு பன்னிரண்டில் ஒன்று, பிரிபடவில்லை, ஆட்சி இன்னாரிடம், ஆண்டு வருமானம் இல்லை என்று ஒவ்வொன்றாய் எழுதி, உறுதியின் பிரதியையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் உடன் இணைத்து, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். மாணவியின் தாயாருக்கும் அவ்வாறே எழுதிக் கொடுத்திருக்கின்றோம். முழுத்தாளில் இரண்டு பக்கம் வந்தது.