நிலக்கரி நிஜமாகவே மலிவா?

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளலாம். எரிவாயுவை எரித்தால் வரும் கரியமில வாயு, நிலக்கரியில் வருவதில் ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் பக்கத்திலேயே இருக்கும் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியில்தான் ஓடுகின்றன. ஏன்? விலை! இறக்குமதி எரிவாயு உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் எகிறியது.

சரி, நிலக்கரி மலிவா? வடசென்னை நிலையத்தின் குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலும், அங்கே மீனவர்கள் இழந்த மீன்பாடும் மின்கட்டண ரசீதில் வருவதில்லை. கணக்கில் எழுதாவிட்டால் செலவு மறைந்துவிடுமா? மின் நிலையங்கள் முதலில் அதைத் தங்கள் கணக்கில் எழுதட்டும். எது மலிவு என்பதைப் பிறகு பேசலாம்.