எண்ணெய்க் கறையும் எழுத்தறிவும்

“ஒழுங்காகப் படி, இல்லையென்றால் லோரிக்கு அடியில்தான் படுத்துக் கிடப்பாய்!”

நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் இவ்வாசகத்தைக் கேட்டிராத ஆசிரியர் இருத்தல் அரிது. மாணவன் முன்னேற வேண்டும் என்னும் அக்கறையோடுதான் நாம் இதைச் சொல்கிறோம், அதில் ஐயமில்லை. ஆயினும் இச்சொல் நன்றி கெட்ட சொல். அதனினும் மேலாக, கல்வி என்பது யாதென அறியாத சொல். இதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் நானே அதில் ஏறி நின்றுவிடுகிறேன். 1993ஆம் ஆண்டில், ஆசிரியர் பயிற்சி முடித்த புதிதில், தோட்டப் பள்ளியொன்றில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறிய ஒரு சிறுவனைப் பார்த்து நானும் இதையே சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பியபோது சன்னலுக்கு வெளியே என் தந்தை நின்றுகொண்டிருந்தார். கையில் எனக்கான சோற்றுத் தூக்கு. முப்பது ஆண்டுகள் தோட்டத்து லோரியை ஓட்டியும் பழுது பார்த்தும் உழைத்தவர் அவர். நான் பயிற்சிக் கல்லூரியில் உண்ட ஒவ்வொரு கவளமும் லோரிக்கு அடியில் படுத்து ஈட்டப்பட்டது. தூக்கைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பழைய புகைக்கூடத்தின் பின்புறம் அழைத்துச் சென்றார். லாலான் புல்லுக்கு நடுவே அவர் ஓட்டிய லோரி துருவேறிக் கிடந்தது. 1951ஆம் ஆண்டு செவர்லே. ஒன்றரை டன் வகை. நிருவாகம் அதைப் பழைய இரும்புக்காரருக்கு விற்கவிருந்தது. தந்தை சாக்கை விரித்து, “வாங்க வாத்தியாரே, அடியில வந்து படுங்க. இங்கயும் ஒரு பாடம் இருக்கு” என்றார். அன்றுவரை என்னைத் ‘தம்பி’ என்றே அழைத்தவர் அவர். அந்த ‘வாத்தியாரே’ என்னும் விளி இன்றும் என் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

இரும்பின் விலைக்கே, 800 வெள்ளிக்கு, அந்த லோரியை வாங்கினேன். இரண்டு ஆண்டுகள் பள்ளி விடுமுறை தோறும் அதற்கு அடியில் கிடந்தோம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ஆசிரியரானார். பயிற்சி பெற்ற ஆசிரியன் மாணவனானேன்.

அந்த எஞ்சின் 216 கன அங்குலக் கொள்ளளவும், வரிசையாய் நிற்கும் ஆறு உருளைகளும் உடையது. பிற்கால எஞ்சின்களைப்போல் இணைப்புத் தண்டுகளின் பேரிங்குகளுக்கு எண்ணெய் நேரே அழுத்தத்தோடு செலுத்தப்படுவதில்லை. ஒவ்வொரு தண்டின் அடியிலும் சிறு அகப்பை போன்ற உறுப்பு உண்டு. அது சுழலுந்தோறும் தொட்டியிலுள்ள எண்ணெயை மொண்டு உயவிடும். அதனால் அழுத்தமானியின் முள் எப்போதும் தாழ்ந்தே நிற்கும். நான் பதறினேன், தந்தை சிரித்தார். அந்த எஞ்சினுக்கு அதுவே இயல்பு. ஓர் அளவு நல்லதா கெட்டதா என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதை மதிப்பெண் பதிவேட்டில் அல்ல, அந்த முள்ளில்தான் முதன்முதல் கற்றேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ‘டொக் டொக்’ என்றோர் ஒலி எழுந்தது. ஆறில் எந்த உருளையில் கோளாறு? எல்லாவற்றையும் கழற்றலாம் என்றேன் நான். அவரோ, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு தீப்பொறிச் செருகியின் கம்பியையும் முறையே விலக்கிக் காது கொடுத்தார். நான்காம் கம்பியை விலக்கியபோது ஒலி தணிந்தது. நோய் இருக்கும் இடம் அதுவே. அங்கு மட்டும் திறந்து, வெள்ளுலோகப் பேரிங்கின் மூடிக்கடியிலிருந்த மெல்லிய தகட்டை எடுத்துவிட்டு மூடியை மீண்டும் இறுக்கினார். ஒலி நின்றது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை, விளைவை நோக்கு: அறிவியல் பாடத்தில் ‘மாறி’ என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போடுவது இதைத்தானே!

மற்றொன்று. அந்த லோரியின் மின்னமைப்பு ஆறு வோல்ட். பழுதான பேட்டரிக் கம்பிக்குப் பதிலாக, பன்னிரண்டு வோல்ட் வண்டிக்குரிய மெல்லிய கம்பியை நான் பெருமிதத்தோடு பொருத்தினேன். கால்விசையை மிதித்தால் எஞ்சின் முனகியதே தவிரச் சுழலவில்லை, கம்பியோ கொதித்தது. வோல்ட் பாதியானால் அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் இருமடங்கு வேண்டும். அதைத் தாங்கத் தடித்த கம்பி வேண்டும். இச்சூத்திரத்தைத் தேர்வில் எழுதி நான் முழு மதிப்பெண் பெற்றிருந்தேன். சூத்திரம் என் தாளில் இருந்தது. அதன் பொருள் தந்தையின் விரல்களில் இருந்தது.

இனி, என் கூற்றை மறுப்போரின் வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம் வலியது. “நம் பிள்ளைகளைக் கைத்தொழிலிலேயே கட்டிப்போட வேண்டும் என்பது காலனித்துவத்தின் திட்டமன்றோ? அதையா மீண்டும் கேட்கிறீர்?” என்பர். உண்மைதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன; ஆயினும் பெரும்பாலானவை பால்மரத்திற்கு அப்பால் வழி காட்டவில்லை. அந்த இருளிலிருந்து பேனாவைப் பிடித்து மேலேறிய சமுதாயம் நாம். ஸ்பானரைக் கண்டு அஞ்சுவது இயல்பே.

ஆனால் உற்றுநோக்குங்கள். அன்று துரைமார் நமக்குக் கொடுத்தது வேலை. மறுத்தது அவ்வேலையின் அறிவு. லோரியை ஓட்டச் சொன்னார்கள். அது ஏன் ஓடுகிறது என்று எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. என் தந்தை போன்றோர் அதைத் தாமே களவாகக் கற்றனர். அவர்கள் வென்றெடுத்த அந்த அறிவை இழிவென்று தூற்றுவோமாயின், துரைமார் தொடங்கியதை நாமே முடித்துவைக்கிறோம்.

வரலாறு என் பக்கம் சாட்சி சொல்லும். 1933இல் ஜப்பானில், நெசவுத்தறி செய்துவந்த நிறுவனத்தில் கீச்சிரோ டொயோடா என்பவர் ஒரு செவர்லே வண்டியை வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார். எஞ்சின் வார்ப்பில் அவர் குழுவினர் மீண்டும் மீண்டும் தோற்றனர், விடவில்லை. 1935இல் அவர்களுடைய முதல் லோரி வெளிவந்தது. அதன் எஞ்சின் செவர்லேயைப் பார்த்துச் செய்தது. சட்டகம் ஃபோர்டைப் பார்த்துச் செய்தது. என் லோரியின் எஞ்சினுக்கு அது பங்காளி முறை.

அதே காலத்தில் நம் மண்ணில் நடந்தது என்ன? ஃபோர்டு நிறுவனத்தின் மலாயாக் கிளை 1926இல் சிங்கப்பூரில் தொடங்கியது. புக்கிட் தீமாவில் 1941இல் வண்டி பொருத்தும் தொழிற்சாலை திறந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரித்தானியர் சரணடைந்து கையெழுத்திட்டதும் அதே கட்டடத்தில்தான். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய நிசான் நிறுவனம் அங்கே படைக்கு வண்டிகளைச் செய்தது. நம்மவர் பல்லாயிரவரோ சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். படைவெறியை நான் போற்றவில்லை; அது நம் குருதி குடித்தது. ஆனால் இயந்திரத்தைத் திறந்து பார்த்தவர் கையில் தொழிற்சாலையும், திறந்து பார்க்க விடப்படாதவர் கையில் மண்வெட்டியும் இருந்தன என்பதை மறக்கலாகுமா?

“அது ஜப்பானியருக்கு, நமக்கு வராது” என்பாருக்குக் கோவை ஜி. டி. நாயுடுவைக் காட்டுவேன். பள்ளிப் படிப்பை இளமையிலேயே துறந்த அவர், உணவகத்தில் வேலை செய்து காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்தே பொறியியல் கற்றவர்.

இரண்டாம் வாதம்: “இன்றைய வண்டிகளுக்குள் கணினி இருக்கிறது, பழைய லோரியின் வித்தை இனிப் பயன்படாது.” வித்தை மாறும், விசாரணை மாறாது. ஐயத்திற்குரியதை ஒவ்வொன்றாய் விலக்கிக் காண்பதே இன்றும் கணினியைச் சீர்செய்வோர் கையாளும் முறை.

மூன்றாம் வாதம்: “தேர்வுக்கே நேரமில்லை.” யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் இதையே சொல்கிறோமே! ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. அதையும் கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்யும் பாடமாக மாற்றிய வகுப்புகளை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

தமிழாசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். ‘வணரித்தண்டு’ என்றும் ‘உந்துருள்’ என்றும் அழகிய கலைச்சொற்கள் நம் அகராதிகளில் உறங்குகின்றன. பட்டறையில் அவை ஒலிப்பதில்லை. சொல்லை அறிந்தவன் பொருளைத் தொடுவதில்லை. பொருளைத் தொடுபவன் சொல்லைக் கேட்டதில்லை. எண்ணெய் படிந்த வாயில் புழங்காத வரையில் எந்தக் கலைச்சொல்லும் உயிர் பெறாது. தமிழ் வளர வேண்டுமாயின் அது லோரிக்கு அடியிலும் படுக்க வேண்டும்.

என் வேண்டுகோள் பெரிதன்று. ஒவ்வொரு பள்ளியிலும் பயனற்ற ஓர் எஞ்சினையோ நீரேற்றியையோ மேசைமேல் வையுங்கள். மாணவர் பிரிக்கட்டும், பிரித்ததைத் தமிழில் எழுதட்டும். பட்டறையில் உழைக்கும் பெற்றோரை ஆண்டுக்கொருமுறையேனும் விருந்தினராய் அழைத்து, வகுப்பின் முன்னே நிறுத்துங்கள். நாற்காலி அடுக்குவதற்கு அல்ல, பாடம் சொல்வதற்கு. தம் தந்தையின் கறை படிந்த கையைப் பார்த்து மாணவன் நாணாதிருக்க வேண்டும். அவன் மருத்துவனாகட்டும், வழக்கறிஞனாகட்டும், மெக்கானிக்காகட்டும்.

என் தந்தை 2004இல் மறைந்தார். மறைவதற்கு முதல் வாரம் வரை அந்த லோரியின் தீப்பற்று வரிசையை, ஒன்று ஐந்து மூன்று ஆறு இரண்டு நான்கு என்று, வாய்ப்பாடுபோல் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டினார். அன்று வகுப்பில் வாய்ப்பாட்டில் திணறிய சிறுவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பாட்டை நான் கொடுத்துப் பார்க்கவில்லை. அவன் அடுத்த ஆண்டே பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! அந்த வாசகம் இனி உங்கள் நாவின் நுனிக்கு வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். சன்னலுக்கு வெளியே சோற்றுத் தூக்கோடு யாரேனும் நிற்கக்கூடும்.