மூன்று தூண்கள், ஒரு சர்க்கஸ்: கணக்கு எங்கே வழுக்குகிறது?

கோட்ஃபோர்சஸ் தளத்தின் முதல் போட்டி 2010-இல் நடந்தது. அதன் மூன்றாவது கணக்கு இன்றும் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. ஒழுங்குப் பலகோண வடிவில் ஒரு பழைய சர்க்கஸ் அரங்கம். மிஞ்சியிருப்பது மூன்று மூலைத் தூண்கள் மட்டும். அரங்கத்தின் மிகக் குறைந்த பரப்பளவு என்ன?

கணிதம் பெரிய வித்தை இல்லை. மையக் கோணம் பரிதிக் கோணத்தைப் போல இருமடங்கு. போலகத்தில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளையும் சொல்லிவிடும். தூண்களை இணைக்கும் முக்கோணத்தின் கோணங்கள் 40, 60, 80 டிகிரி என்றால், மீப்பெரு பொதுக் காரணி 20. 180-ஐ 20-ஆல் வகுத்தால் 9 பக்கம். சுற்றுவட்ட ஆரம் தெரிந்தால் பரப்பளவும் வந்துவிடும்.

அப்புறம் ஏன் தப்பாகிறது? கம்ப்யூட்டருக்கு 40 என்பது சரியாக 40 இல்லை, 40.00000-க்குப் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். மீதி பூஜ்யம் ஆகாமல் 0.00001 என்று நிற்கும். அதையும் காரணியாக எடுத்தால் 1.8 கோடி பக்கங்கள்! அதனால், இதைவிடச் சின்ன மீதி என்றால் பூஜ்யம் என வைத்துக்கொள் என்று ஓர் அளவு தர வேண்டும். பலரும் அதை அடுத்தவர் கோடிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். ஓடினால் சரி, ஓடாவிட்டால் இன்னொரு பூஜ்யம் சேர்ப்பது. இது சூதாட்டம், புரோகிராமிங் அல்ல.

அந்த அளவு கணக்கிலேயே இருக்கிறது. பக்கங்கள் 100-ஐத் தாண்டாது என்று உத்தரவாதம் தருகிறார்கள். எனவே காரணியே தேட வேண்டாம். 3 முதல் 100 வரை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கோணத்தை அந்த எண்ணால் பெருக்கி 180-ஆல் வகுத்தால் முழு எண் வர வேண்டும். பொருந்தாத எண் என்றால், ஒரு கோணமாவது முழு எண்ணிலிருந்து குறைந்தது 0.01 விலகியிருக்கும். ஆக, 0.0001 தாராளமாகப் போதும்.

சின்னப் பிழைதானே என்று விட முடியாது. 1991-இல் சவூதியின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு தவறி 28 அமெரிக்க வீரர்கள் இறந்ததற்கு, 0.1 விநாடியைப் பைனரியில் வெட்டிச் சுருக்கிய பிழை நூறு மணி நேரம் சேர்ந்ததே காரணம்.

கேம்பஸ் இன்டர்வியூவில் விடை வந்ததா என்று மட்டும் பார்ப்பவர்கள், '0.0001 எப்படி வந்தது?' என்றும் ஒருமுறை கேட்கலாம்.