மலிவான தின்பண்டமும் கூடும் எடையும்



வளம் பெருகினால் பசி தீரும் என்று நம்பினோம். பசி குறைந்தது, வேறொரு சுமை கூடியது. தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் அதிக எடை கொண்டோர் 2015-16ல் 30.9 விழுக்காடு, 2019-21ல் 40.4 விழுக்காடு. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகையும் காணப்பட்டது. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

வரி இதைத் தடுக்குமா? கேரள அரசு 2016ல் பெரிய உணவகங்களின் பர்கர், பீட்சா மீது 14.5 விழுக்காடு வரி விதித்தது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அது மறைந்தது. 2025 செப்டம்பரில் இனிப்புக் குளிர்பானங்களுக்கு 40 விழுக்காடு வரி வைத்த ஜி.எஸ்.டி. மன்றம், பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் மீதான வரியை 18லிருந்து 5 ஆகக் குறைத்தது.

கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு இந்தக் குறைப்பு உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் பழத்துக்கும் முட்டைக்கும் ஏற்கெனவே வரியில்லை. அவற்றின் விலை இதனால் இறங்காது. ஆக, சத்தற்றதே இன்னும் மலிவாகிறது. குளிர்பான வரியில் ஒரு பங்கு, பள்ளிச் சத்துணவில் பழமாகத் திரும்பட்டும் என்று நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம். அப்போதுதான் வரி ஏழைக்கு வெறும் பாரமாக இராது.