வீட்டுப் பிள்ளைகளும் தோட்டக் காய்கறியும்

காய்கறி பயிரிடும் குடும்பங்களிலேயே சிறு பிள்ளைகள் காய்கறியைத் தொட மறுக்கிறார்கள் என்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் கிராமங்களில் இது சாதாரணமாய்க் காணப்படும் விஷயமே. இரண்டு ஏக்கரில் வெண்டையும் கத்தரியும் அவரையும் வைத்து, வாரத்தில் மூன்று தரம் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை அனுப்பும் பட்டாதார் வீட்டில், மூன்று வயதுப் பிள்ளை தயிர்ச்சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தவிர வேறொன்றையும் ஏற்பதில்லை. தட்டில் ஒரு கீரைத் துணுக்கு தென்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறது. தாயார் கெஞ்சுகிறார், தகப்பனார் அதட்டுகிறார், பாட்டியார் பிஸ்கோத்துப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். எல்லாம் பிள்ளையின் பிடிவாதம் என்று வீட்டார் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர்.

இத்தீர்ப்பு அவசரமானது. பிள்ளையின்மேல் குற்றம் சுமத்துமுன், தட்டில் வைக்கப்பட்ட காய் எத்தன்மையது என்று பார்ப்பது நியாயம். இளங்காய்கள் தரம் பிரிக்கப்பட்டுச் சந்தைக்குப் போய்விடுகின்றன. முற்றியவையும் வளைந்தவையும் புழு துளைத்தவையும், வியாபாரி ஒதுக்கித் தள்ளியவையுமே வீட்டுச் சமையலுக்கு வந்து சேருகின்றன. வெண்டைக்காயைப் பூ மலர்ந்த ஐந்தாறு நாட்களுக்குள் பறிக்காவிட்டால் நார் ஓடிவிடும் என்பதைக் குடியானவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தவரையும் பீர்க்கும் அவ்வாறே. பெரியவர்கள் பழக்கத்தினால் மென்று சக்கையைத் துப்பிவிடுவர். பாற்பல் கொண்ட பிள்ளைக்கு அது கயிற்றை மெல்வதற்கு ஒப்பாகும். ஒரு முறை தொண்டையில் சிக்கிய காயை மறு முறை பிள்ளை வேண்டாமென்றால், அதைப் பிடிவாதம் என்பதைவிட அனுபவ ஞானம் என்பதே பொருந்தும்.

இரண்டாவதாகப் பிள்ளைகளின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். இனிப்பின்மேல் விருப்பமும் கசப்பின்மேல் வெறுப்பும் பிறவியிலேயே அமைந்தவை. நடக்கத் தொடங்கி, கைக்கு அகப்பட்டதை வாயிலிட்டுக்கொள்ளும் பருவத்தில், அறியாத ஆகாரத்தைக் கண்டு அஞ்சும் குணமும் வந்து சேருகிறது. நச்சுத் தழைகளிலிருந்து பிள்ளையைக் காக்கும்பொருட்டு இயற்கை இக்குணத்தைக் கொடுத்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இது மேலோங்கி நிற்கும். ஆகவே புதுக் காயை முதல் தடவை தள்ளிவிடுதல் முடிவான பதில் ஆகாது. அமெரிக்காவில் சல்லிவன், பிர்ச் என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையில், பாலோடு வேறு ஆகாரம் உண்ணத் தொடங்கிய சிசுக்களுக்கு ஒரே காய்கறியைப் பத்துத் தடவை ஊட்டியபின், அதை உண்ணும் அளவு நன்றாய்ப் பெருகியது. நம் வீடுகளிலோ மூன்று தடவை மறுத்தால் நான்காம் தடவை அக்காய் பிள்ளையின் தட்டுக்கு வருவதே இல்லை. நாற்று ஒரு நாள் வாடியதைக் கண்டு வயலை உழுதுவிடும் குடியானவர் எவரும் உண்டோ?

கொடுக்கும் அளவு ஒரு கரண்டிக்கு மேற்படலாகாது. உண்டால் சரி, உண்ணாவிடில் ஒரு சொல்லும் சொல்லாது தட்டை எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்ப வைக்க வேண்டும். மூக்கைப் பிடித்துப் புகட்டுதல் கொடுமை; அதனால் யாதொரு பயனும் இல்லை. "கீரை தின்றால் மிட்டாய் தருவேன்" என்ற பேரமும் தவறானதே. கூலி கொடுத்துத் தின்னச் சொல்லும் பண்டம் நல்ல பண்டமாய் இராது என்று பிள்ளை தீர்மானித்துக்கொள்ளும். கீரையை அரைத்து இனிப்பு ரொட்டியில் மறைத்துக் கொடுக்கும் வழக்கமும் சில வீடுகளில் பரவி வருகிறது. சத்து உள்ளே போவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பிள்ளை கற்பது இனிப்பு ரொட்டியையே அன்றிக் கீரையை அன்று. மேற்சொன்ன இருவரே 1990இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், சோயாப் பாற்கட்டியை வெறுமையாகவும் உப்பிட்டும் சர்க்கரையிட்டும் வெவ்வேறு பிள்ளைகளுக்குப் பல வாரம் கொடுத்து வந்தனர். எந்த விதத்தில் சுவைத்தார்களோ அந்த விதத்தையே பிள்ளைகள் விரும்பினர்.

இனிச் செய்ய வேண்டுவது யாது? நிலமுடைய ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்கென்று அரை சென்ட் நிலத்தை, அதாவது ஏறக்குறையப் பத்தடிக்கு இருபதடி கொண்ட பாத்தியை, கிணற்றடியிலோ கொல்லையிலோ ஒதுக்கி, அதன் விளைவில் ஒரு பிடியும் சந்தைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வயலில் எவ்வளவு விளைந்தாலும் இப்பாத்தி அவசியமே. ஏனெனில் சந்தைப் பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. மருந்துப் புட்டியின் சீட்டில் கண்ட காத்திருக்கும் நாட்கள் கழியுமுன் பறித்த காய் சிறு பிள்ளையின் வாய்க்கு உரியதன்று. விலை ஏறிய நாளில் அக்கணக்கைப் பார்ப்பவர் எத்தனை பேர் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும். வீட்டுப் பாத்திக்கு மருந்து வேண்டாம். தெளிப்பான் கழுவிய ஜலமும் அப்பக்கம் ஓடலாகாது.

பாத்தியில் பத்து நாளுக்கு ஒரு முறை சிறிது சிறிதாகச் சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால், இருபத்தைந்து நாளில் பிடுங்கத் தொடங்கி, பிறகு இடைவிடாமல் கிடைத்துவரும். கிள்ளி எடுக்க அரைக்கீரையோ, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் கோ 3 என்னும் கீரை ரகமோ ஏற்றது. எட்டு வெண்டைச் செடி, நான்கு தக்காளி, வேலியோரம் ஒரு புடலைக்கொடி, மூலையில் பெரியகுளத்து பி.கே.எம். 1 செடிமுருங்கை ஒன்று. இவ்வளவே போதும். பாகல் பிற்பாடு ஆகட்டும். அவ்விடத்தில் பிள்ளைக்குச் சிறு செம்பு ஒன்றைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்ற விடுக. வெண்டைப் பிஞ்சைத் தன் கையால் ஒடிக்கும் பிள்ளை, அதைக் கடித்துப் பார்க்கவும் துணியும். சமையற்கட்டிலிருந்து வரும் காய் அந்நியம். தான் ஊற்றிய தண்ணீரில் விளைந்த காய் உறவு.

சமைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. வெண்டையைத் தண்ணீர் விடாது வதக்கினால் வழவழப்பு நீங்கும். முருங்கைக்கீரையின் காம்புகளை முற்றிலும் நீக்கி, துவரம்பருப்போடு குழைய வேகவைத்து, ஒரு கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும். கீரையில் உள்ள, உடலில் ஏ வைட்டமினாக மாறும் பொருள், கொழுப்போடு சேர்ந்தாலன்றி நன்கு கிரகிக்கப்படுவதில்லை. இந்திய ஆகாரங்களின் சத்துக் கணக்கை, குன்னூர் ஆராய்ச்சிசாலையிலிருந்து டாக்டர் அய்க்ராய்டு 1937ஆம் ஆண்டிலேயே அட்டவணையிட்டு வெளியிட்டார். கொல்லைக் கீரையின் மேன்மை அன்று முதல் தெரிந்ததே.

இதில் ஆபத்து அற்பமானதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். கீரை ஒன்றே இதை நீக்கிவிடும் என்று சொல்வது பொய்யாகும். கீரையின் இரும்புச்சத்தில் சிறு பகுதியே உடலில் சேரும். எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் சற்று அதிகம் சேரும். கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்தையும் ஏ வைட்டமின் திரவத்தையும் கீரையை நம்பி நிறுத்தலாகாது. பிள்ளை எல்லா ஆகாரத்தையும் மறுத்து எடை குறைந்து வருமாயின், தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டில் தொடாத காயை அங்கன்வாடியில் பக்கத்துப் பிள்ளை உண்பதைப் பார்த்துத் தானும் உண்ணும் பிள்ளைகள் பலர். ஆகையால் அங்கன்வாடிக் கொல்லையில் ஒரு கீரைப் பாத்தி இருப்பது வீட்டுப் பாத்தியிலும் பயன் பெரிது. பல ஊர்களில் அப்பாத்தி தொடக்க நாளில் படம் பிடிக்கப்பட்டு, இரண்டாம் மாதம் ஆடுகளுக்கு இரையாகிறது. முள்வேலி ஒன்று, மேல்நிலைத் தொட்டியில் வழிந்து வீணாகும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால், சித்திரை வைகாசியில் அதைத் திருப்பிவிடப் பொறுப்பான ஓர் ஆள்: இம்மூன்றையும் ஊராட்சியார் பங்குனிக்குள் ஏற்பாடு செய்வது நலம். விதை வேண்டுவோர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.